வெந்நீர்க் கால்வாய்

ஏரிக்கரை மின் நிலையம் ஒரு பக்கம் ஏரித் தண்ணீரை உறிஞ்சும். தன் மெஷின்களின் சூட்டையெல்லாம் அதில் இறக்கிவிட்டு மறுபக்கம் கால்வாயில் விடும். உள்ளே போவது பச்சைத் தண்ணீர். வெளியே வருவது கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்தில் வெந்நீர். ஊர்க்காரர்கள் யாரும் கேட்டு வந்த வரம் இல்லை அது. ஆனால் வந்ததை யார் வேண்டாம் என்பார்கள்?

இதனால் அந்த ஊருக்குக் குளிர்காலம் இரண்டு விதமாக வந்தது. ஏரியைச் சுற்றிலும் புல் பழுப்பாகிப் படுத்துவிடும். தவளைகள் சேற்றுக்குள் போய் அடங்கிவிடும். ஏரி மீன்கள் ஆழத்தில் இறங்கி, இருக்கின்றனவா இல்லையா என்று தெரியாமல் கிடக்கும். கால்வாய் ஓடும் இரண்டு கிலோமீட்டருக்கு மட்டும் கோரை பச்சைப்பசேலென்று நிற்கும், தவளை கத்தும், பாசியில் நத்தை ஊரும், கொசுகூடக் கடிக்கும். கொக்குகள் ஏரியைக் கைகழுவிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். காலை நேரத்தில் கால்வாய் நெடுகிலும் ஆவி எழும்பும். துணி துவைக்கப் போகும் பெண்கள் ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாமலேயே ஊர்வம்பு பேசுவார்கள். அதுவும் ஒரு வசதிதான்.

அந்தச் சூட்டை நம்பித்தான் ஊரில் சட்டை தைக்கும் அக்கா ஒருத்தியின் தம்பி மீன் வளர்த்தான். கால்வாய் வளைந்து திரும்பும் இடத்தில் எட்டு வலைக்கூண்டுகளைக் கட்டி மிதக்கவிட்டு, அவற்றில் ஜிலேபி மீன் குஞ்சு விட்டிருந்தான். சூட்டுக்கென்றே பிறந்த மீன் அது. தண்ணீர் இருபத்தேழு, இருபத்தெட்டு டிகிரி இருந்தால் போட்ட தீனியைப் போட்டி போட்டுத் தின்னும். இருபதுக்குக் கீழே வந்தால் வாயைத் திறக்காது. பதினொன்று, பன்னிரண்டுக்கு வந்தால் கதை முடிந்தது. ஏரியில் குளிர்காலத்துத் தண்ணீர் பதினொன்றுதான். ஊரில் யாரிடமும் குளிர்காலத்தில் ஜிலேபி மீன் கிடைக்காது, அவனிடம் கிடைக்கும். தெரு அவனைக் கூண்டுக்காரன் என்று கூப்பிட்டது.

அக்காவைத் தெரு கூப்பிட்டது தபாலக்கா என்று.

அந்தப் பெயருக்குக் காரணம் அவள் வீடு. தாய் தகப்பன் விட்டுப்போன ஒரே வீட்டை நடுவில் செங்கல் சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். இந்தப் பாதியில் அக்காவும் அவள் புருஷனும், அந்தப் பாதியில் தம்பியும் அவன் மனைவியும். பின்கட்டும் தண்ணீர்க் குழாயும் பொது. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அம்மா இறந்தபோது தம்பிக்கு நாலு வயது. தலை துவட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டு அவனை ஆளாக்கியவள் அவள். ஆகவே பிள்ளை இல்லை என்று யாராவது பரிதாபப்பட்டால் அவளுக்குக் கோபம் வரும்.

புருஷன் மின் நிலையத்துப் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர். ஏரித் தண்ணீரை மெஷினுக்குத் தள்ளும் பம்புகளை ஓட்டுவதும் நிறுத்துவதும் அவர் வேலை. நாலு வருஷத்துக்கு முன்னால் தம்பி தன் முதல் கூண்டுகளை மின் நிலையத்து வேலிக்கு உள்ளேயே, வெந்நீர் வந்து விழும் வாயருகே கட்டிவிட்டான். யாருக்கும் தெரியாது என்று நினைத்தான். அவர் பார்த்தார், மேலே எழுதிப் போட்டார். காவலாளிகள் வந்து வலைகளை அறுத்துவிட்டார்கள். "வேலைன்னா வேலைதான். நாளைக்கு வலை அறுந்து பம்புக்குள்ள போனா யாரு பதில் சொல்றது?" என்றார் அவர். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே அவுத்திருப்பேனே" என்றான் இவன். இரண்டும் நியாயம்தான், அதுதான் தொல்லை. அன்றிலிருந்து மாமனுக்கும் மச்சானுக்கும் பேச்சு இல்லை.

பேச்சு இல்லையே தவிர பேசாமல் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது.

"உன் தம்பிகிட்ட சொல்லு, சைக்கிள வழியில நிறுத்த வேணாம்னு" என்பார் அவர். தம்பி இரண்டடி தள்ளி நின்று பல் விளக்கிக்கொண்டிருப்பான்.

"அக்கா, வழி அகலமாத்தான் இருக்குன்னு சொல்லு. போறவருக்குத் தொப்பை இருந்தா வழி என்ன பண்ணும்?"

அக்கா பாத்திரத்திலிருந்து தலையைத் தூக்காமலேயே சொல்வாள். "டேய், சைக்கிளக் கொஞ்சம் தள்ளி வைடா. என்னங்க, தள்ளி வைக்கிறானாம்."

நேரில் காதால் கேட்டதை இருவரும் கேட்காத மாதிரி வைத்துக்கொண்டு, அவள் சொன்னதையே பதிலாக எடுத்துக்கொள்வார்கள். சைக்கிள் தள்ளிப் போகும். தொப்பை போகிற வழி போகும். இப்படி நாலு வருஷம். புருஷன் பத்து சொன்னால் அதில் ஐந்தைக் கழிக்க வேண்டும், தம்பி பத்து சொன்னால் ஏழைக் கழிக்க வேண்டும் என்பது அவளுக்குக் கைப்பழக்கம் ஆகிவிட்டது. சட்டை தைக்கிறவள் அவள். மின் நிலையத்து ஆட்களின் யூனிஃபார்ம், தெருப் பெண்களின் ரவிக்கை, தம்பியின் கிழிந்த வலை எல்லாம் அவள் கைக்குத்தான் வரும். நீளமாக இருப்பதை மடித்துத் தைப்பது அவளுக்குப் பெரிய வேலையே இல்லை.

இந்தக் குளிர்காலத்தை மட்டும் அவள் நாள் எண்ணிக் கடத்தினாள். போன கோடையில் தண்ணீர் அளவுக்கு மேல் சூடேறி, அதில் காற்று குறைந்து, தம்பியின் மீன் பாதி மூச்சுத்திணறிச் செத்துவிட்டது. தம்பி மனைவி அப்போதே பின்கட்டில் வைத்துச் சொல்லிவிட்டாள்.

"அண்ணி, நான் உங்ககிட்ட மறைக்க விரும்பல. எங்க அப்பா கடையில ஆள் இல்லாம அல்லாடுறாரு. இந்த ஒரு தடவ பாப்போம்னு இவரு கெஞ்சுறாரு. சரி, பாப்போம். இதுவும் போச்சுன்னா நாங்க கெளம்பிடுவோம். அப்புறம் நீங்க என்னைத் தப்பா நெனைக்கக் கூடாது."

"எதுக்கும்மா தப்பா நெனைக்கப் போறேன்?" என்று சொல்லிவிட்டு வந்து, அக்கா தையல் மெஷின் முன்னால் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். தம்பியின் மாமனார் ஊர் ஒரு நாள் முழுக்கப் போகிற தூரம். போனால் போனதுதான்.

இந்த முறை நன்றாகவே வந்தது. உள்ளங்கை அகலம் வந்த மீன், இன்னும் மூன்றே வாரம் போனால் தட்டளவு ஆகிவிடும். தம்பி தினமும் நூலில் கட்டிய தர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, "இருபத்தாறு அக்கா" என்று மகள் பரீட்சையில் வாங்கிய மார்க்கைச் சொல்வதுபோலச் சொல்வான். போன மாதம் இருபத்தெட்டு இருந்தது. நிலையத்தின் இரண்டு மெஷினில் ஒன்றைப் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தார்கள், அதனால் இந்தக் குறைச்சல். அது ஒவ்வொரு வருஷமும் நடப்பது. மீன் கொஞ்சம் மந்தமாகத் தின்னும், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மத்தியானம் புருஷன் ஷிஃப்ட் முடிந்து வந்தார். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்தார். அக்கா ஒரு யூனிஃபார்மின் கைக்குப் பட்டி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"மெஷின நிறுத்து. ஒரு விஷயம் சொல்லணும்."

"காது கேக்குது, சொல்லுங்க."

"உன் தம்பிகிட்ட சொல்லு. ரெண்டாவது மெஷின்லயும் குழாய் ஓட்டையாம். புதன்கெழமை காலையில அதையும் நிறுத்துறாங்க. பத்து நாளைக்கு ஒரு சொட்டு வெந்நீர் வராது. வெறும் ஏரித்தண்ணிதான் கால்வாய்ல ஓடும். அந்த முட்டாப்பய நாளைக்குள்ள மீனை அள்ளி வித்துட்டுக் கரையேறலேன்னா அத்தனையும் செத்து மெதக்கும். சின்னதா இருந்தாலும் பரவால்ல, அள்ளச் சொல்லு. அப்புறம் வந்து என் தலையில பழி போட்டான்னா நான் சும்மா இருக்க மாட்டேன். அவன் கிறுக்குப் புத்திக்கு நான் வேணும்னே பயமுறுத்துறேன்னுதான் தோணும். தோணட்டும். சொல்லிடு."

அவள் ஊசியிலிருந்து நூலை அறுத்தாள். "ஏங்க இப்படி வாய்க்கு வந்தபடி பேசறீங்க?"

"வாய்க்கு வந்ததத்தான் சொல்ல முடியும். சோறு இருக்கா?"

சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். மெஷினை நிறுத்துவதற்கு முன்வேலை இருந்ததால், அன்று சாயங்காலமே திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு நாள் அங்கேயே படுக்கை என்று ஒரு போர்வையைச் சுருட்டி எடுத்துக்கொண்டார்.

அவர் புறப்படுவதற்குள் அக்கா அந்தப் பாதிக்குப் போனாள். தம்பியும் அவன் மனைவியும் தரையில் சாக்கை விரித்து, தவிடும் பிண்ணாக்கும் கலந்து தீனி பிசைந்துகொண்டிருந்தார்கள். தம்பி எதையோ சொல்ல, அவள் மூக்கில் மாவோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் சிரித்து அக்கா பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

"அண்ணி, வாங்க. இவரு இப்பவே கணக்குப் போட்டு வெச்சிட்டாரு, மீன் எடுத்தவொடனே கூரைக்கு ஓடு மாத்தணுமாம். அந்தப் பக்கம் உங்களுக்கும் சேத்து மாத்துறாராம்."

"அக்காவுக்கு மட்டும்தான். அந்தப் பக்கத்து ஆம்பளை மேல ஒழுகினா ஒழுகட்டும்" என்றான் தம்பி.

அக்காவுக்கு அந்தச் சிரிப்பைக் கலைக்க மனசு வரவில்லை. முட்டாப்பய, கிறுக்குப் புத்தி, பழி என்றெல்லாம் வாயில் இருந்தவை ஒவ்வொன்றாகக் கழன்றன. போன முறை 'மாமா சொன்னார்' என்று ஆரம்பித்ததற்கே இவன் தீனிச் சட்டியை எறிந்தான். அதுவுமின்றி அவர் எதற்குத்தான் செத்து மிதக்கும் என்று சொல்லவில்லை? அடுப்பில் பால் பொங்கினால்கூட வீடு பற்றிக்கொண்டது என்பார். பாதியைக் கழிக்க வேண்டியதுதானே? வருஷா வருஷம் ஒரு மெஷினை நிறுத்துகிறார்கள், இது இன்னொன்று. ஒன்று ஏற்கெனவே நின்றிருக்கிறது, இதுவும் நின்றால் மிச்சம் எதுவும் இல்லை என்ற சின்னக் கணக்கு அவள் மண்டையில் ஏறவே இல்லை. இரண்டில் இரண்டு போனால் என்ன என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்லும். அவளுக்கு அந்த நேரத்தில் தெரிந்ததெல்லாம் அந்தப் பெண்ணின் மூக்கில் ஒட்டியிருந்த மாவுதான்.

"டேய், மெஷின்ல ஏதோ ரிப்பேராம். புதன்கெழமையிலேர்ந்து தண்ணி கொஞ்சம் சூடு கொறைஞ்சு வருமாம். பாத்துக்கச் சொன்னாரு."

தம்பி பிசைவதை நிறுத்தினான். "எவ்வளவு கொறையுமாம்?"

"கொஞ்சந்தாண்டா. போன வருஷம் மாதிரி."

'போன வருஷம் மாதிரி' என்று அவர் சொல்லவில்லை. அதை அவளாகச் சேர்த்தாள். கழிப்பதே பழக்கமாகிப் போனவள் அன்று ஒன்றைக் கூட்டவும் செய்தாள்.

"அப்படின்னா ரெண்டு டிகிரி" என்றான் தம்பி. "சூட்டுத் தண்ணி மேலாகத்தான் ஓடும். வலைய ஒரு முழம் தூக்கிக் கட்டிட்டு, தீனியப் பாதியாக்கினாப் போதும். எப்படியோ, சொல்லி அனுப்பத் தோணிச்சே உன் புருஷனுக்கு."

திரும்பி வந்தபோது புருஷன் வாசலில் சைக்கிளோடு நின்றார். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்?"

"பாத்துக்கறானாம்."

"அள்ளிடுவான்ல?"

"ம்" என்றாள் அக்கா.

செவ்வாய்க்கிழமை முழுக்கத் தம்பி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று எட்டு வலைகளையும் மேலே தூக்கிக் கட்டினான். சொன்ன விஷயத்துக்குச் சரியான வேலைதான். சாயங்காலம் தர்மாமீட்டர் இருபத்தாறு காட்டியது.

புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். அக்கா ஒரு பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரி துவைக்காத துணி மூட்டையோடு திரும்பி வந்தவள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"தபாலக்கா, என்ன அநியாயம் இது? கால்வாய்ல இன்னிக்கு ஆவியே இல்ல. தண்ணியில கை வெச்சா எலும்பு வரைக்கும் வெறைக்குது. உங்க வீட்டுக்காரரு வெந்நீர அடைச்சு வெச்சிட்டாரா?"

பாவாடை அப்படியே தரையில் கிடந்தது. அக்கா செருப்பில்லாமல் ஓடினாள்.

ஆவி இல்லாத கால்வாயை அவள் அந்தக் குளிர்காலத்தில் பார்த்ததே இல்லை. அக்கரையும் கோரையும் பளிச்சென்று தெரிந்தன. தவளைச் சத்தம் இல்லை. கொக்குகள் மட்டும் எங்கிருந்தெல்லாமோ வந்து கரையில் வரிசையாக நின்றன. கூண்டுக்கு வெளியே கால்வாயில் திரிந்த சில்லறை மீன்கள் மயங்கி மேலே வந்து மல்லாந்துகொண்டிருந்தன. கொக்குகளுக்குக் குனிந்து எடுப்பது மட்டும்தான் வேலை. அன்று அவற்றுக்குக் கல்யாணச் சாப்பாடு.

தம்பி கூண்டுக்குள் நின்றான். உதடு நீலமாகிவிட்டிருந்தது. அவனைச் சுற்றி மீன்கள் ஒருக்களித்துப் படுத்திருந்தன. வாலை ஒரு முறை அடித்து நிமிரப் பார்க்கும், முடியாமல் மறுபடி சாயும். வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. கையைக் கொண்டுபோனால் மீன் விலகவில்லை. தம்பி மனைவி கரையில் இருந்த இரண்டு டிரம்களில் வாளி வாளியாக மீனை ஊற்றிக்கொண்டிருந்தாள். டிரம்மில் இருந்ததும் அதே தண்ணீர்தான்.

"பதினொண்ணு அக்கா" என்றான் தம்பி. "பதினொண்ணு! கொஞ்சந்தானே கொறையும்னாரு? போன வருஷம் மாதிரின்னாரு?"

அக்கா திரும்பினாள். கால்வாய்க் கரையோடு மின் நிலையத்து வாசலுக்கு ஓடினாள். காவல் அறையில் இருந்தவனுக்கு அவளைத் தெரியும். அவன் போட்டிருந்த சட்டை அவள் தைத்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பம்ப் ஹவுஸுக்கு போன் போட்டுக் கொடுத்தான்.

"என்ன?" என்றார் புருஷன். பின்னால் பம்புகள் உறுமிக்கொண்டிருந்தன.

"மெஷின்தான் நின்னுடுச்சே, பம்பையாவது நிறுத்துங்க. சில்லுத் தண்ணியத் தள்ளாதீங்க. கால்வாய்ல இருக்குற சூடாவது நிக்கட்டும். மீன் சாவுதுங்க."



"மீனா? இன்னும் அள்ளலையா அவன்?"

"பம்ப நிறுத்துங்க" என்றாள் மறுபடி.

"மெஷின் ஆறுற வரைக்கும் பம்ப் ஓடியாகணும்டி. ஆறு மணி நேரம். நடுவுல நிறுத்தினா உள்ள எல்லாம் வெந்து போயிடும். நான் நிறுத்த முடியாது. கேக்குதா? நான் நெனைச்சாலும் முடியாது. ஏன் அள்ளல அவன்?"

போனை வைத்துவிட்டாள். காவலாளி தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவள் அதை வாங்கிக் குடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். தன் புருஷன் கையால் தள்ளுகிற தண்ணீர் தன் தம்பியின் மீனைக் கொல்கிறது, இருவருமே தப்புச் செய்யவில்லை என்பது அவளுக்கு அந்த வழியில்தான் முழுக்கப் புரிந்தது. அழுகை வந்தது. அதை நிறுத்த அவளுக்குத் தோன்றவும் இல்லை.

அதற்கப்புறம் மூன்று மணி நேரம் மூவரும் வாளியில் மொண்டு கொட்டினார்கள். பிழைக்கும் என்று நினைத்து ஆரம்பித்தது, கெடுவதற்குள் விற்கலாமே என்று ஆனது. ஐஸ் கேட்டு ஆள் அனுப்பினார்கள். இரண்டு கூடை ஐஸ்தான் வந்தது.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து புருஷன் வந்தார். சைக்கிளைக் கரையில் போட்டுவிட்டு, யூனிஃபார்மோடு, பூட்ஸோடு அப்படியே தண்ணீரில் இறங்கினார். மூன்றாவது கூண்டின் வலை முனையைப் பிடித்துத் தூக்கினார். தம்பி மறுமுனையில் இருந்தான். நாலு வருஷத்தில் முதல் தடவையாக மாமனின் முகத்தை நேராகப் பார்த்தான்.

"ஏன் மாமா சொல்லல?"

"என்ன சொல்லலைங்கிறே?"

"ரெண்டு மெஷினும் நிக்குதுன்னு. என்கிட்ட பேச வேணாம், பேசச் சொல்லி யாரு கேட்டா? ஆனா இத ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? என் வலையத்தானே அன்னிக்கு அறுத்தீங்க. இன்னிக்கு என் கழுத்தையும் சேத்து அறுக்கணுமா?"

புருஷனின் முகம் சிவந்தது. கத்தப் போகிறார் என்று அக்கா நினைத்தாள். அவர் கத்தவில்லை. "நான் திங்கக்கெழமையே சொல்லி அனுப்பிச்சேனேப்பா" என்றார் மெதுவாக. "வந்து சொன்னாளே உன்கிட்ட."

இருவரும் திரும்பினார்கள்.

அக்கா முழங்காலளவுத் தண்ணீரில் வாளியோடு நின்றாள். கால் மரத்துப்போயிருந்தது. இப்போதும் ஒரு வார்த்தையைத் தேடினாள். இருவருக்கும் பொருந்துகிற மாதிரி, யாரும் யாரையும் வெறுக்காத மாதிரி ஒரு வார்த்தை எப்போதும் அவள் நாக்கின் நுனியில் இருக்கும். அன்று இல்லை. ஆகவே வாளியைக் கரையில் வைத்துவிட்டு, திங்கட்கிழமை அவர் சொன்னதைச் சொன்னபடியே சொன்னாள். ஒரு வசவைக்கூட விடவில்லை.

"உன் தம்பிகிட்ட சொல்லுன்னாரு. ரெண்டாவது மெஷினையும் புதன்கெழமை நிறுத்துறாங்கன்னாரு. பத்து நாளைக்கு ஒரு சொட்டு வெந்நீர் வராதுன்னாரு. அந்த முட்டாப்பய நாளைக்குள்ள மீனை அள்ளி வித்துட்டுக் கரையேறலேன்னா அத்தனையும் செத்து மெதக்கும்னாரு. சின்னதா இருந்தாலும் அள்ளச் சொல்லுன்னாரு. பழி போட்டா சும்மா இருக்க மாட்டேன்னாரு. உன் கிறுக்குப் புத்திக்கு இது பயமுறுத்தறதாத்தான் தோணும், தோணட்டும்னாரு."

தம்பி பிடித்திருந்த வலையைத் தளரவிட்டான்.

"முட்டாப்பயன்னாரா?"

"ஆமா."

"அதையாவது சொல்லியிருக்கலாமேக்கா. மாமா முட்டாப்பயன்னு திட்டினாருன்னு கேட்டிருந்தா, நெசமாத்தான் சொல்றாருன்னு எனக்குத் தெரிஞ்சிருக்குமே. நான் அன்னிக்கே அள்ளியிருப்பேனே."

அவன் கத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். சின்ன வயசில் தொலைந்துபோன பம்பரத்தைப் பற்றிச் சொல்கிற குரலில் சொன்னான். பிறகு வலைப் பக்கம் திரும்பிவிட்டான்.

"அந்த முனையத் தூக்கிப் பிடிங்க மாமா. சரியுது."

"விடு, நான் பாத்துக்கறேன். நீ கீழே மடிச்சுக் கொண்டா. மெதுவா."

"கயிறு பத்துமா?"

"பத்தும். என் இடுப்புல சுத்திக்கறேன். இழு."

நாலு வருஷம் அவள் ஆசைப்பட்ட பேச்சு அது. இருவரும் மாறி மாறிப் பேசி, ஒவ்வொரு கூண்டாகக் கரையேற்றினார்கள். அவள் ஒரு முனையைப் பிடிக்கப் போனபோது தம்பி மனைவி முந்திக்கொண்டு அதைப் பிடித்தாள். வேண்டுமென்று செய்தாளா, தெரியாமல் செய்தாளா, அதை அக்கா யோசிக்க விரும்பவில்லை.

விற்றது போக மிச்சத்தை மறுநாள் குழி வெட்டிப் புதைத்தார்கள். புருஷன் லீவு போட்டுவிட்டு வந்து வெட்டினார். வீட்டில் அவர் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நானே போய்ச் சொல்லியிருக்கணும். பத்தடி தூரம்" என்று மட்டும் ஒரு தடவை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்துச் சொன்னார். அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

தம்பி அவளோடு சண்டை போடவில்லை. பின்கட்டில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழி விடுவான். அவள் கொண்டுபோய் வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவித் திருப்பி வைத்தான். முன்பெல்லாம் அவன் பாத்திரத்தைக் கழுவியதே கிடையாது. கழுவின பாத்திரத்தைப் பார்த்து அவள் அழுதாள்.

பத்து நாள் என்றது பன்னிரண்டு நாள் ஆனது. பதிமூன்றாம் நாள் காலை கால்வாயில் மறுபடி ஆவி எழும்பியது. துணி மூட்டைகளோடு பெண்கள் போனார்கள். ஒன்றிரண்டு தவளைகள்கூடக் கத்த ஆரம்பித்தன. கூண்டுகளைக் கட்டியிருந்த மூங்கில்கள் மட்டும் வளைவில் வெறுமையாக நின்றன.

அன்று மூவரும் பின்கட்டில் இருந்தார்கள். அக்கா குழாயடியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். தம்பி வந்து அவர் பக்கத்தில் நின்றான். அக்காவுக்கும் அவனுக்கும் இடையில் இரண்டு எட்டுத்தான் இருக்கும்.

"மாமா, நாளைக்குக் காலையில கெளம்புறோம். அவங்க அப்பா கடையிலேயே இருந்துடலாம்னு முடிவு பண்ணிட்டோம். கூண்டு, டிரம்மு எல்லாம் நீங்களே வெச்சுக்கங்க. எங்க பாதி வீட்டையும் யாருக்காவது வாடகைக்கு விட்டுடுங்க. இனிமே இந்தப் பக்கம் வர்றதா இல்ல." ஒரு நிமிஷம் நின்றான். "அக்காகிட்ட சொல்லிடுங்க."

அக்காவின் கையில் தேய்த்த பாத்திரம் அப்படியே நின்றது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

புருஷன் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். மச்சானைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மனுஷனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தா, உன் தம்பி நாளைக்கு மாமனார் ஊருக்குப் போறானாம். கொஞ்ச நாளைக்குத்தானாம். போயிட்டு வந்துடறானாம்."

அக்கா குழாயை மூடினாள்.

"சரின்னு சொல்லுங்க" என்றாள்.